ஐந்தாவது காப்பு

எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு நூற்றுப் பதினான்கு நிமிடம் மிச்சமாகும் என்று குடியமர்வு வாரியத்திலிருந்து தகவல் வந்தபோது நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகிவிட்டது. அந்தச் சட்னியை அன்றைக்கு யாரும் தொடவில்லை.

நாங்கள் நாலு பேர். நான் மங்கையர்க்கரசி. துறைமுகத்தில் கன்டெய்னர்களை எடை பார்த்து அனுப்பும் பிரிவில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வேலை. என் கணவர் தணிகாசலம் மறைமலை நகரில் பேட்டரி தொழிற்சாலையில் இருக்கிறார். மகள் ஆதிரைக்கு ஒன்பது வயது, தாம்பரத்தில் படிக்கிறாள். மகன் மாறனுக்கு நாலு வயது, என் அலுவலகத்துக் காப்பகத்தில் பகலைக் கழிப்பான். வீடு குரோம்பேட்டையில், இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் பல் விளக்குவது தெரியும், ஆனாலும் அது எங்கள் வீடு.

வாரியத்தை நான் சும்மா திட்டுகிறவள் இல்லை. அது வருவதற்கு முன்னால் இந்த நகரத்தில் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகும். வாடகை குறைந்த இடத்துக்குப் போனால் மீதி வாழ்க்கை ரயிலில் போகும். ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்கள், அதுவும் வேண்டாம் என்றவர்கள் என் தோழிகளிலேயே ஆறு பேர். பிறகுதான் வாரியம் வாடகை வீடுகளை எல்லாம் தன் கையில் எடுத்தது. ஒருவரும் நாற்பது நிமிடத்துக்கு மேல் பயணம் செய்யக் கூடாது என்று ஒரு கொள்கை. வருடத்துக்கு ஒரு முறை இயந்திரம் கணக்குப் போட்டு யாருக்கு எந்த வீடு என்று சொல்லும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அந்தத் தைரியத்தில்தான் மாறனைப் பெற்றேன். அவன் வாரியம் கொடுத்த பிள்ளை என்று தணிகா கிண்டல் செய்வார், நான் முறைப்பேன்.

போன வருடம் வரை என் அலுவலகம் கிண்டியில் இருந்தது. அது துறைமுகத்துக்கு மாறியதும் கணக்கு குலைந்துவிட்டது. வந்த தகவல் இதுதான்: மங்கையர்க்கரசி, நன்மாறன் ஆகியோருக்கு மண்ணடியில் ஒரு வீடு. தணிகாசலம், ஆதிரை ஆகியோருக்குக் கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்புப் பயணம் இலவசம்.

"பொண்டாட்டியப் பாக்கறதுக்கு டிக்கெட் இல்லையாம். ரொம்பப் பெரிய மனசு," என்றார் தணிகா. சிரிக்கத்தான் சொன்னார். அவர் குரல் சரியாக இல்லை.

மறுநாளே தாம்பரத்தில் இருக்கும் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். நாலாம் எண் ஜன்னலில் புருஷோத்தமன் என்ற நடுத்தர வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"நாங்க ஒரே குடும்பம் சார். ஒரே ரூம்ல நாலு பேரும் வரிசையாப் படுக்கறோம். எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள நாங்க பாக்கறதில்லம்மா. பாக்கக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. வாசப்படி தாண்டினாதான் காப்பு பேச ஆரம்பிக்கும். உள்ள நுழைஞ்சா வாய மூடிக்கும்."

எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கும் வாரியக் காப்பைத்தான் சொன்னார். ரயில் டிக்கெட், வீட்டுச் சாவி எல்லாம் அதுதான். பிறந்த பிள்ளைக்கே போட்டு அனுப்புகிறார்கள்.

"அப்ப ரேஷன் கார்டப் பாருங்க," என்றார் தணிகா.

"மொதல்ல அதத்தான் பாத்தோம். பெரிய வீடு கிடைக்கும்னு செத்துப்போன மாமனாரையெல்லாம் சேத்து வெச்சிருந்தாங்க. ஒரு வீட்ல பதினோரு பேருன்னு இருந்துச்சு. போய்ப் பாத்தா ரெண்டு பேரும் ஒரு நாயும். அதனாலதான் நடமாட்டத்தப் பாக்கறோம். யாரு யாரோட போறாங்க, யாரு பக்கத்துல யாரு எவ்வளவு நேரம் இருக்காங்க, இத வெச்சு மெஷினே குடும்பத்தக் கண்டுபுடிக்கும்." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "நீங்களும் பையனும் வடக்க போறீங்க. அவரும் பொண்ணும் தெக்க போறாங்க. நாலு பேரும் வெளிய ஒண்ணா இருந்தது போன மாசம் மொத்தமே மூணு மணி நேரம். அதுவும் ஒரு கல்யாணம்."

"சோறு வடிச்சு, துணி துவைச்சு, புள்ளைக்குக் கால் வலிச்சாத் தடவி விட்டு, இதெல்லாம் எங்க போச்சு?"

"அதெல்லாம் வீட்டுக்குள்ளம்மா. மெஷினுக்கு நீங்க ரெண்டு குடும்பம்."

மறுமதிப்பீடு என்று ஒன்று இருப்பதாகவும், முப்பது வேலை நாட்களில் நடமாட்டம் மாறினால் முடிவும் மாறும் என்றும் அவரே சொன்னார். "ஆனா வேலை மாறாம அது எப்படி மாறும்? என் வீட்லயே நாலு பேரு, நாலு ஸ்டேஷன்," என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார்.

படியிறங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன்.

"நாலு பேரும் ஒண்ணாப் போவோம்," என்றேன்.

"எங்க?"

"என் வேலைக்கும் நாலு பேரு. உங்க வேலைக்கும் நாலு பேரு. காலையில எல்லாரும் என்னைய பீச் ஸ்டேஷன்ல விடுங்க. சாயந்திரம் நாங்க வந்து உங்க கேட்ல நிக்கறோம்."

"பைத்தியமா உனக்கு? ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் ரயில்லயே போயிடும்."

"முப்பது நாள்தானே. மண்ணடிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் பிரிஞ்சா அது எத்தனை நாளுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் அன்று மாலையே சூப்பர்வைசரைக் கெஞ்சி, பத்து மணி ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. காலை ஐந்து ஐம்பது வண்டியில் நாலு பேரும் குரோம்பேட்டையில் ஏறுவோம். ஏழு மணிக்கு என்னையும் மாறனையும் துறைமுக வாசலில் விட்டுவிட்டு தணிகாவும் ஆதிரையும் தாம்பரத்துக்குத் திரும்புவார்கள். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் மறைமலை நகர் போவார். எனக்கு மூன்றரைக்கு வேலை முடியும். மாறனைக் கூட்டிக்கொண்டு, தாம்பரத்தில் ஆதிரையையும் சேர்த்துக்கொண்டு, ஆறு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்போம். காவலாளி முதல் வாரம் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாவது வாரம் பிள்ளைகளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

முதல் நாளே ரயிலில் நிற்கத்தான் இடம். நான் பையையும் டிபன் கேரியரையும் ஒரு கையிலும் மாறனை இடுப்பிலும் வைத்துக்கொண்டு தடுமாறினேன். அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"புள்ளயக் குடும்மா, மடியில வெச்சிக்கிறேன்."

இந்த ஊர் ரயிலில் இது வழக்கம்தான். உட்கார்ந்திருப்பவர், நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், பிள்ளை இருந்தால் பிள்ளையை. பேர் ஊர் எதுவும் கேட்பதில்லை. இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் யோசிக்காமல் கொடுத்தேன். மாறன் அந்த மடியில் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

மறுநாளும் அதே பெட்டி, அதே ஜன்னல், அதே கைகள். பேர் சகாயராணி. நாற்பது வயது இருக்கும். தாம்பரத்தில் ஒற்றை ஆள் அறை. பார்க் ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை என்று சொன்னார். நான் அக்கா என்றேன், மாறன் ரயில் அத்தை என்றான். கொஞ்ச நாளில் மாறனுக்கு என்று ஒரு டப்பாவில் வேகவைத்த வேர்க்கடலை வர ஆரம்பித்தது.

"உங்களுக்குப் பசங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொண்ணு ஒண்ணு. மீஞ்சூர்ல அவங்க அப்பாகூட இருக்கு. மூணு வருசம் முன்ன வாரியத்துல எங்களப் பிரிச்சு வெச்சாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ட்டு இருந்தேன். அப்புறம் அங்க பக்கத்து வீட்டுக்காரிதான் பொண்ண தெனமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனா. போன வருசம் மெஷினு அவளையும் சேத்து மூணு பேரு ஒரு குடும்பம்னு சொல்லிடுச்சு." மாறனின் கலைந்த முடியை ஒதுக்கினார். "எங்க வீட்டுக்காரரும் அவ எங்க குடும்பம் இல்லன்னு எழுதிக் குடுக்கல."

நான் டிபன் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். ஆதிரைதான் ஓட்டை வாய். "நாங்க முப்பது நாள் ஒண்ணாவே போனா எங்களப் பிரிக்க மாட்டாங்க அத்தை," என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள். சகாயராணி அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. என் கால் வீங்கியது. ஆதிரையின் வீட்டுப்பாட நோட்டில் எழுத்தெல்லாம் குதித்தது. தணிகா நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டார். ஆனால் பத்து வருடக் கல்யாணத்தில் அவர் காலை ஆறு மணிக்கு என்னிடம் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. தன் மகள் வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் என்று அவருக்கு அந்த ரயிலில்தான் தெரிந்தது. நடிக்கத்தான் ஆரம்பித்தோம். பத்தாம் நாளுக்குப் பிறகு அது நடிப்பு என்பதே மறந்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் மாறனுக்குக் காய்ச்சல். ஒரு நாள் விட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். தூக்கிக்கொண்டு போனேன். அன்று கூட்டம் என்னைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டது. பத்தடி தூரத்தில் சகாயராணி அக்கா கைக்குட்டையை நனைத்து அவன் நெற்றியில் போடுவது மட்டும் தலைகளுக்கு நடுவே தெரிந்தது. அவன் கண்ணைத் திறந்து என்னைத் தேடவில்லை. அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் பொறாமைதான்.

முப்பது நாள் முடிந்தது. முப்பத்தோராம் நாள் காலை நடைமேடையில் நிற்கும்போது எங்கள் நாலு காப்பும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. நான் படித்தேன்.

மறுமதிப்பீடு முடிந்தது. குடும்பம்: ஒன்று.

தணிகா பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். ஆதிரை குதித்தாள். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

உறுப்பினர்கள்: ஐந்து.

வண்டி வந்தது. ஜன்னலோர இடத்தில் யாரோ ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். "ரயில் அத்தை எங்க?" என்று மாறன் அழ ஆரம்பித்தான். நாங்கள் அந்த வண்டியில் ஏறவில்லை. இருவரும் விடுப்பு சொல்லிவிட்டு எதிர்ப்பக்க வண்டியில் தாம்பரம் போனோம். வாரிய அலுவலகம் ஏழு மணிக்கே திறந்துவிடும்.

புருஷோத்தமனுக்கு எங்களை ஞாபகம் இருந்தது. திரையைப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"நாலு பேரும் பிரமாதமா ஒட்டியிருக்கீங்க. ஆனா எல்லாத்தையும் விட அதிகமான ஒட்டுதல் எது தெரியுமா? உங்க பையனுக்கும் சகாயராணிங்கற அம்மாவுக்கும். தெனம் நாப்பது நிமிஷம், ரெண்டு காப்புக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. நீங்க ரெண்டடி தள்ளித்தான் இருந்திருக்கீங்க."

"மடியில உக்காந்திருந்தான் சார். ரயில்ல எல்லாரும் பண்றதுதானே?"

"ஒரு நாள் ஒரு மடின்னா பரவால்ல. முப்பது நாளும் ஒரே மடி. மெஷினு என்ன பண்ணும்?" என்றார். "அஞ்சு பேருக்கான வீடு உள்வட்டத்துல இல்ல. செங்கல்பட்டுலதான் இருக்கு. நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆகறதால உங்க சம்மதம் வேணும்."

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம்.

"வேணாம்னா?" என்று கேட்டார் தணிகா.

"ஆட்சேபம் போடலாம். இந்தம்மா எங்களுக்கு யாருமில்லன்னு ஒரு வரி. நாலு பேருக்கு உங்க ஒட்டுதல் மார்க்கு தாராளமாப் போதும், நிமிஷம் கொஞ்சம் கூடினாலும் குரோம்பேட்டை வீடு உங்களுக்கே." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அவங்க மேல பொய் ஒட்டுதல்னு பதிவாகும். அஞ்சு வருசத்துக்கு அவங்க யாரோடயும் குடும்பமாச் சேர முடியாது. பதிவு பண்ணாம விடவும் முடியாது, ஏன்னா பாருங்க."

திரையில் சகாயராணி அக்காவின் பாதை கோடாக ஓடியது. தாம்பரத்தில் ஏறுகிறார். எங்களோடு பார்க் ஸ்டேஷன் வரை வருகிறார். இறங்கி, நடைமேடை மாறி, அடுத்த வண்டியில் திரும்ப வந்த வழியே போகிறார். தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் இறங்குகிறார். அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வண்டலூரில் இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடப் பயணம்.

வெளியே வந்ததும் தணிகா வெடித்தார்.

"திட்டம் போட்டுப் பண்ணியிருக்காங்க மங்கை! நம்ம பொண்ணு வாயக் கிளறி விஷயத்த வாங்கி, நம்ம புள்ளய வெச்சு வீட்டுக்குள்ள பூந்திருக்காங்க."

"ஆமா. திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்காங்க."

"அப்புறம்?"

"நாமளும் திட்டம் போட்டுத்தானே பண்ணோம்?"

அவர் மாறனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நம்ம திட்டத்துல உங்களுக்கு ஆதிரை ஓடறது தெரிஞ்சுது. அவங்க திட்டத்துல மாறனுக்குக் காய்ச்சல் விட்டுது. எது பொய்னு நீங்க சொல்லுங்க, நான் ஆட்சேபம் போடறேன்."

"ஒண்ணே முக்கா மணி நேரத்துக்கு மேல, மங்கை. போக, வர. நீதான் போகணும். எனக்கு இருபது நிமிஷம்."

"அப்ப காலையில தோசை நீங்க ஊத்துங்க." ஒன்றே முக்கால் மணி நேரம் விளையாட்டில்லை. ஆனால் அந்த ஒரு வரியை என் கையால் எழுத முடியாது என்பதும் நிச்சயமாகத் தெரிந்தது. அவர் கணவர் அதை எழுதாமலே, சும்மா இருந்தே சொல்லிவிட்டதால்தான் அந்த அக்கா தனி ஆளானார்.

எட்டேகாலுக்குத் தெற்கே போகும் வண்டிக்கான நடைமேடையில் அவரைப் பார்த்தோம். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்தார். மாறன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டதால் நகர முடியவில்லை.

"காலையில மெசேஜ் வந்துச்சு," என்றார் தரையைப் பார்த்து. "இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"மொத நாளு எதுக்குக்கா அந்த வண்டியில ஏறினீங்க?"

"மீஞ்சூர் போறதுக்குத்தான். பொண்ணுக்குப் பொறந்தநாளு, லீவு போட்டுட்டுப் போனேன். வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்." மாறனின் தலையில் கை வைத்தார். "மறுநாளும் நீங்க ஏறுவீங்கன்னு தெரியும். ஒரு நாளு, இன்னும் ஒரு நாளுன்னு வந்தேன். பாப்பா சொன்னப்புறம் ஆசை வந்துடுச்சு. தப்புதான்."

நான் தணிகாவைப் பார்த்தேன். அவர் வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஆதிரைய இனிமே யாரு ஸ்கூல்ல விடறது?" என்று திடீரென்று கேட்டார். "இவ விடியறதுக்கு முன்னயே கெளம்பிடுவா. எனக்குத் தாம்பரம் ஃபேக்டரியத் தாண்டி ரொம்ப தூரம்."

"நான் விடறேன்," என்றார் சகாயராணி அக்கா, கேட்டதற்குப் பழக்கத்தில் பதில் சொல்வதுபோல. சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"அப்ப கையைக் குடுங்கக்கா," என்றார் தணிகா. அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வாரியத்தின் சம்மதத்துக்குப் பெரியவர்கள் எல்லோருடைய காப்பும் சேர வேண்டும். மூன்று மணிக்கட்டுகளைச் சேர்த்துப் பிடித்தோம். பிள்ளைகளும் தங்கள் கைகளை நுழைத்தார்கள், அவர்களுடையது தேவையே இல்லை. ஐந்து காப்பும் அதிர்ந்து நின்றன. குரோம்பேட்டை வீட்டை அந்த நொடியில் விட்டுவிட்டோம். எதிர் வீட்டுக்காரர் பல் விளக்குவதைக்கூட நினைத்துக்கொண்டேன்.

வண்டி வந்தது. அக்கா வண்டலூரில் இறங்கி வேலைக்குப் போவதாகவும், நாங்கள் செங்கல்பட்டு வரை போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகவும் ஏற்பாடு. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. அக்கா மாறனை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தடுமாறினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, நாங்கள் முன்னே பின்னே பார்த்திராத ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"புள்ளயக் குடுங்க, மடியில வெச்சிக்கிறேன்."

"வேணாங்க!" என்று தணிகா கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினார். "ஆறு பேருன்னா மதுராந்தகத்துலதான் வீடு குடுப்பாங்க!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அதற்குள் மாறன் அந்த மடியில் ஏறி வசதியாக உட்கார்ந்துவிட்டிருந்தான்.